எந்தக் கலம், எவ்வளவு அளவு: ரிப்பீட் எழுதிப் பாஸ் பண்ணின கதை

முந்தநாள் பின்னேரம் ரிசல்ட் வந்தது. புற்றுநோய்க் கலவியல், ரெண்டாந்தரம் எழுதிப் பாஸ். அம்மா உடனயே நல்லூருக்கு அர்ச்சனை செய்யப் போட்டா. இந்தப் பாடத்தை எடுக்கப்போற தம்பி தங்கச்சிமாருக்கு, மறக்க முன்னம் எழுதிறன்.

முதல்தரம் நான் விழுந்தது வைவாவில, அதுதான் வாய்மொழிப் பரீட்சையில. "ஏ431 கலங்களுக்கு ஈஜிஎஃப் கூடின அளவில குடுத்தால் என்ன நடக்கும்?" எண்டு பரீட்சிச்ச சேர் கேட்டார். ஈஜிஎஃப் எண்டது கலங்களைப் பெருகத் தூண்டுற வளர்ச்சிக் காரணிதானே, "பெருகும் சேர்" எண்டன். "ஓமோ?" எண்டார். "ஓம் சேர்" எண்டு இன்னும் உறுதியாய்ச் சொன்னன். அதுக்குப் பிறகு கேட்ட ஒண்டுக்கும் எனக்கு வாய் வரேல்லை.

ஏ431, 85 வயது அம்மா ஒராளின்ர செதிட்கலப் புற்றுக்கட்டியில இருந்து எடுத்து வளர்த்த கலவரிசை. ஒரு கலத்தில பத்து லட்சத்துக்கு மேல ஈஜிஎஃப் வாங்கிகள், அதாவது ஈஜிஎஃப் வந்து ஒட்டுற புரதங்கள், இருக்கும். பிகோமோலர் எண்ட மிகச் சின்ன அளவில குடுத்தால் பெருகும், அதைவிட ஆயிரம் மடங்கான நனோமோலருக்குக் கூட்டினால் பெருக்கம் தடைப்படும். காரணியும் அதே, கலமும் அதே, விடை மட்டும் தலைகீழ். எந்தக் கேள்வி வந்தாலும் வாயைத் திறக்க முதல் மனசுக்குள்ள கேளுங்கோ: எந்தக் கலம், எவ்வளவு அளவு? ஒரு வருசத்தை நான் இதிலதான் விட்டன்.

என்ர ரெண்டாவது பிழை, வளர்ச்சிக் காரணியை ஒரு கொப்பியிலயும் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டுற நொதியம்) நிரோதிகளை, அதாவது அதைத் தடுக்கிறவையை, இன்னொரு கொப்பியிலயும் படிச்சது. இந்தமுறை பழைய கலண்டர் தாள் ஒண்டின்ர பின்பக்கத்தில எல்லாத்தையும் ஒண்டாய்க் கீறினன். ஈஜிஎஃப், யூரோகைனேஸ் எண்ட புரோட்டியேசைக் கூட்டும். யூரோகைனேஸ் பிளாஸ்மினோஜனைப் பிளாஸ்மின் எண்ட இன்னொரு புரோட்டியேசாக்கும். பிளாஸ்மின், உறங்கிக் கிடக்கிற டிஜிஎஃப்-பீட்டா எண்ட இன்னொரு வளர்ச்சிக் காரணியை விடுவிக்கும். அந்த டிஜிஎஃப்-பீட்டா பிஏஐ-1 எண்ட நிரோதியைக் கூட்டும், அது திரும்பவந்து யூரோகைனேசையே மறிக்கும். அம்புக்குறி சுத்திவந்து தொடங்கின இடத்திலயே முட்டினதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பாடம் விளங்கினது. நான் கையால கீறினால்தான் ஏறுற ஆள். குழுவாய் இருந்து படிச்சது எனக்குச் சரிவரேல்லை.

கட்டாயம் பாக்கவேண்டியவை:
- பிஏஐ-1: நிரோதி எண்டால் புற்றைத் தடுக்கும், நல்லது எண்டு எழுதிப்போடாதேங்கோ. அது இல்லாத சுண்டெலியில வைச்ச புற்றுத்தோல் கலங்களால ஊடுருவ முடியேல்லை எண்டு 1998இல காட்டியிருக்கினம்.
- டிம்ப்-2: எம்எம்பிகள் எண்ட உலோகம் தேவைப்படுற புரோட்டியேஸ்களின்ர நிரோதி. எம்எம்பி-2ஐத் தடுக்கும். ஆனால் கொஞ்சமாய் இருக்கேக்க, அதே எம்எம்பி-2 செயற்படத் தொடங்கவும் உதவும். இங்கயும் அளவுதான்.
- ஆய்வுகூடத்தில பாவிக்கிற இரசாயனங்களில ஈடிடிஏ எம்எம்பிகளை மறிக்கும், பிஎம்எஸ்எஃப் யூரோகைனேஸ், பிளாஸ்மின் மாதிரியான செரின் புரோட்டியேஸ்களை. மாத்தி எழுதினால் முழுப் பகுதியும் போச்சு.

ரெண்டாந்தரம் வைவாவில ஏ431 வரேல்லை. ஜெலற்றின் ஜைமோகிராம் படம் ஒண்டை மேசையில வைச்சினம்: ஜெலற்றின் கலந்த ஜெலில நொதியங்களை ஓடவிட்டு, அவை ஜெலற்றினை வெட்டின இடத்தைப் பாக்கிற சோதனை. நீல ஜெலில வெள்ளையாய் ரெண்டு பட்டை, 92 கிலோடால்டனிலயும் 72 கிலோடால்டனிலயும் (புரதத்தின்ர பருமன்). "இந்தக் கலங்களில எம்எம்பி-9 வேலை செய்ததோ?" எண்டு கேட்டினம். வாயில வந்த "ஓம்" ஐ விழுங்கினன். 92 எண்டது எம்எம்பி-9இன்ர முன்வடிவம், அதாவது இன்னும் செயற்படாத வடிவம். ஜெலில சேர்க்கிற எஸ்டிஎஸ் எண்ட சவர்க்காரப் பொருள் அதை விரிச்சுவிடுறதால செயற்படாத வடிவமும் ஜெலில வெட்டும். ஒட்டியிருந்த டிம்ப்பும் ஓட்டத்தில பிரிஞ்சுபோகும். அதால, நொதியம் இருக்கு எண்டுதான் இந்தப் படத்தை வைச்சுச் சொல்லலாம், அந்தக் கலங்களில அது வேலை செய்ததோ எண்டு சொல்லேலாது. இதை நான் சொல்லி முடிக்க, மிஸ் படத்தைத் திருப்பி வைச்சிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னா. வெளியில வந்து பரமேஸ்வராச் சந்தி மட்டும் நடந்துபோன பிறகுதான் கை நடுக்கம் நிண்டது.

கலண்டர் தாள் இன்னும் என்ர அறைச் சுவரில இருக்கு. வேண்டுமெண்டால் வந்து பார்த்துக் கீறிக்கொண்டு போங்கோ.