ரெஸ்யூமேவில் இல்லாத பதிலை எழுதிய கதை

மருத்துவமனை மருந்துக் கிடங்கிலேயே பல வருடம் இருந்துவிட்டு, மென்பொருள் நிறுவனம் ஒன்றில், பயனர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். ரெஸ்யூமேவைத் திறக்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது, "கிடங்கில் இருந்தவர் இங்கே எதற்கு?" என்பதுதான். அதற்குப் பதில் ரெஸ்யூமேவில் கிடையாது. எந்தப் பதவி, எந்த வருடம், என்ன பொறுப்பு என்பதோடு அது நின்றுவிடும். போதாக்குறைக்கு, அப்பாவின் உடல்நிலையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டதில் ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி வேறு. இந்த இரண்டையும் விளக்க எனக்கு இருந்த ஒரே இடம், ரெஸ்யூமேவோடு அனுப்பும் விண்ணப்பக் கடிதமான கவர் லெட்டர். வேலைத்துறை மாறுகிறவர்களுக்கும், இடையில் நின்றுபோனவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை எழுதிய விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் கடிதத்தைத் தொடவில்லை. வேலை அறிவிப்பை அச்செடுத்து, பேனாவோடு உட்கார்ந்தேன். தகுதிகள் என்று நீளமாக ஒரு பட்டியல் இருந்தது. ஆனால் கவனித்துப் படித்தால் ஒரே விஷயம் வெவ்வேறு வார்த்தைகளில் திரும்பத் திரும்ப வந்தது. "கணினிப் பழக்கம் குறைந்த பயனர்களுக்கும் புரியும்படி பயிற்சி" என்று ஓரிடத்தில், "எளிய பயிற்சிக் குறிப்புகள் தயாரித்தல்" என்று இன்னோரிடத்தில், "நேரடியாகப் பயனர் இருக்கும் இடத்துக்குச் சென்று" என்று கடைசியில். அப்படித் திரும்ப வருகிற விஷயத்துக்குத்தான் அவர்கள் ஆள் தேடுகிறார்கள். மற்றதெல்லாம் இருந்தால் நல்லது என்ற ரகம். அந்த மூன்று வரிகளை வட்டமிட்டு, எதிரே நான் நிஜமாகவே செய்த வேலை எது என்று எழுதிப் பார்த்தேன். எதிரே எழுத எதுவுமே வராத வேலையென்றால் கடிதம் எழுதுவதே வீண் என்று நினைக்கிறேன்.

எனக்கு எழுத ஒன்று இருந்தது. எங்கள் கிடங்கு பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறியபோது இரவுப் பணியில் இருந்தவர்கள் மிகவும் திணறினார்கள். ஒரே மருந்து மூன்று பேட்ச்சாக இருக்கும். எது முதலில் காலாவதியாகுமோ அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்க வேண்டும். திரையில் பட்டியல் வந்து சேர்ந்த வரிசையில் இருந்ததால், அவசரத்தில் மேலே இருப்பதையே தேர்ந்தெடுத்துவிடுவார்கள். கையில் கொடுத்த பேட்ச் ஒன்று, கணினியில் கழிந்த பேட்ச் ஒன்று என்று ஆகிவிடும். காலையில் இருப்பு சரிபார்த்தால் எதுவும் ஒத்துப்போகாது. தடிமனான கையேடு ஒன்று இருந்தது. இரவு இரண்டு மணிக்கு அதைப் புரட்ட யாருக்கும் நேரமில்லை. நான் ஒரே ஒரு பக்கம் எழுதி, திரைப் படங்களோடு கவுன்ட்டர் பக்கத்தில் ஒட்டினேன். அதன்பிறகு இரவில் எனக்கு வரும் போன் ஏறக்குறைய நின்றே போனது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அந்தப் பக்கத்தை வைத்தே நான் பயிற்சி கொடுத்தேன்.

இந்தச் சம்பவம்தான் என் கடிதத்தின் நடுப்பகுதி முழுவதும். வேறு சாதனைகளையும் சேர்க்க ஆசை வரும். ரெஸ்யூமேவில் ஏற்கெனவே இருப்பதைக் கடிதத்தில் திருப்பிச் சொன்னால் படிப்பவரின் நேரம்தான் போகும். ஒன்றை எடுத்து, என்ன சிக்கல், நான் என்ன செய்தேன், என்ன மாறியது என்று முழுதாகச் சொன்னால் போதும்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களையும் பார்த்தேன். "கடின உழைப்பு, குழுவோடு இணைந்து செயல்படும் திறன், கற்றுக்கொள்ளும் ஆர்வம்" என்றுதான் எல்லாமே ஓடுகின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவியில் எழுதச் சொன்னாலும் வழவழப்பாக அதே மாதிரிதான் வந்தது. எனவே எழுத்துப் பிழை பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்திக்கொண்டேன். வரைவை எனக்குத் தெரிந்த ஓர் அக்காவிடம் காட்டினேன். வேறொரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் நெடுநாள் இருப்பவர். படித்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் விரலை வைத்து, "தம்பி, இந்த வரியை உன்னைத் தவிர வேற யாராவது எழுதியிருக்க முடியுமா?" என்றார். முடியும். "அப்போ எடுத்துடு." அப்படியே அடுத்த வரி, அதற்கடுத்த வரி. இரவுப் பணிப் பத்திக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டார். கவர் லெட்டருக்கு எனக்குக் கிடைத்த ஆலோசனைகளிலேயே இதற்கு இணையாக எதுவும் இல்லை.

இந்த நேரத்தில்தான் லியொனார்டோ டா வின்சியின் கடிதத்தைப் படித்தேன். 1482 வாக்கில், முப்பது வயதில், மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதியது. அதன் வரைவு இன்றும் இருக்கிறது. அவ்வளவு பெரிய ஓவியர், ஓவியத்தைப் பற்றிப் பட்டியலின் கடைசியில்தான் ஒரு வரி சொல்கிறார். முன்னால் இருப்பதெல்லாம் சுலபமாகத் தூக்கிச் செல்லும் பாலங்கள், முற்றுகையில் அகழி நீரை வடிக்கும் முறை, பீரங்கிகள். போர் நெருக்கடியில் இருந்த ஓர் ஆட்சியாளருக்கு வேண்டியது அவைதான். முடிவில், இதில் எதுவும் நடக்காத காரியம் என்று தோன்றினால் உங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டத் தயார் என்கிறார். என்னை அப்படியே நிறுத்திய இடம் அது. என் கடிதத்தின் கடைசிப் பத்தியில் "தங்கள் பதிலை எதிர்நோக்கும்" என்றிருந்ததை எடுத்துவிட்டு, "அந்த ஒரு பக்கக் குறிப்பை நேரில் கொண்டுவந்து, அதை வைத்து உங்கள் குழுவுக்கு ஒரு சிறு பயிற்சி நடத்திக் காட்டத் தயாராக இருக்கிறேன்" என்று எழுதினேன்.

ஏன் இந்த நிறுவனம் என்ற பகுதி பலருக்கும் வெறும் புகழ்ச்சியாகிவிடுகிறது. "உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்" என்று எந்த நிறுவனத்துக்கும் எழுதலாம். அவர்கள் இணையதளத்தில், மருந்து இருப்பைக் கையாளும் அவர்கள் மென்பொருளின் பயனர் கையேடு பொதுவில் இருந்தது. உட்கார்ந்து படித்தேன். காலாவதியான மருந்தை விற்பனையாளருக்குத் திருப்பி அனுப்பும் பகுதி, கிடங்கில் நிற்பவருக்கு எங்கே தடுக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அதைக் குறையாகச் சொல்லாமல், அந்தப் பகுதியை நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன் என்று இரண்டு வரி எழுதினேன்.

இடைவெளியைப் பற்றி ஒரே வாக்கியம்: "தந்தையின் சிகிச்சைக்காகப் பணியிலிருந்து விலகியிருந்தேன்; இப்போது முழுநேரப் பணிக்குத் தயாராக இருக்கிறேன்." மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், நோயின் விவரமும் வேண்டாம். பெற்றவரைப் பார்த்துக்கொண்டதற்கு யாரும் கூனிக்குறுக வேண்டியதில்லை. மறைத்தால்தான் படிப்பவர் வேறு ஏதாவது கற்பனை செய்துகொள்வார். பழைய இடத்தை ஏன் விட்டேன் என்ற மனக்குறைகளுக்கும் கடிதத்தில் இடமில்லை. சம்பள எதிர்பார்ப்பை அறிவிப்பில் கேட்டிருந்தால் மட்டும் எழுதலாம். இங்கே கேட்கவில்லை, எழுதவில்லை.

மற்றவை சின்ன வேலைகள். ஒரே பக்கம், முந்நூறு வார்த்தைக்குப் பக்கத்தில். அறிவிப்பில் தொடர்பு அலுவலரின் பெயர் இருந்ததால் அவர் பெயருக்கே எழுதினேன். பெயர் இல்லாவிட்டால் பணியமர்த்தும் குழுவுக்கு என்று எழுதலாம். பி.டி.எஃப். ஆக்கி, ஃபைலுக்கு என் பெயரும் பதவியின் பெயரும் வைத்தேன். அவர்களுக்கு ஒரே நாளில் "கவர் லெட்டர் ஃபைனல்" என்ற பெயரில் எத்தனை ஃபைல் வருமோ! மெயிலின் உள்ளே நான்கு வரி மட்டும், கடிதம் இணைப்பில். அனுப்பும் முன் சத்தமாக ஒருமுறை படித்தேன். மூச்சு முட்டிய வாக்கியங்களை இரண்டாக உடைத்தேன்.

இன்டர்வியூவில் என் கடிதம் அச்செடுக்கப்பட்டு மேசைமேல் இருந்தது. இடைவெளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "அந்தப் பக்கத்தைக் கொண்டு வந்தீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. எடுத்துக் கொடுத்தேன். குழுவில் ஒருவர் எழுந்து வந்து, "நான்தான் நைட் டியூட்டி, எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மிச்ச நேரம் முழுக்க அதிலேயே போனது. வேலை கிடைத்தது. அனுப்பிய கடிதத்தின் நகலை நான் முந்தைய நாள் இரவு மறுபடி படித்திருந்தது நல்லதாயிற்று. அவர்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் வந்தன. ஆகவே அனுப்பிய வடிவத்தை அப்படியே, தேதியோடு சேமித்து வையுங்கள்.