கோத்தகிரி மழையும் 37 ஜி.பி.யும்

அப்பாவின் ஸ்டூடியோவை மூடியபோது நெகட்டிவ்களை எல்லாம் பிஸ்கட் டப்பாக்களில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டோம். கல்யாணம், காதுகுத்து, எஸ்டேட் தொழிலாளர் அட்டைக்கான படம் எல்லாம் அதில் இருக்கின்றன. போன வருஷம் அவற்றை இறக்கி ஸ்கேன் செய்ய ஆரம்பித்தேன். இதுவரை 3,400 படங்கள், ஒன்று சுமார் 11 எம்.பி. மொத்தம் 37 ஜி.பி. வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் அவற்றை ஏற்றி வைக்க வேண்டும்.

எங்கள் கன்னேரிமுக்கு வீட்டில் அப்லோடு வேகம் 4 எம்.பி.பி.எஸ். அது மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு அரை மெகாபைட்தான். மணிக்கு 1.8 ஜி.பி. என்றால் முழுதாக ஏற இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் லைன் நடுவில் அறுந்து போகாமல் இருந்தால்! ஐப்பசியில், கோத்தகிரியில், அது நடக்கிற காரியமா? ஒரு சில்வர் ஓக் கிளை கம்பி மேல் விழுந்தால் போதும், கரண்டும் போச்சு, நெட்டும் போச்சு.

"பென் டிரைவைக் குடுங்க மாமா, கோயம்புத்தூர்ல இருந்து நான் ஏத்திடறேன்" என்றான் அக்கா மகன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேர பஸ் பயணத்தில் 37 ஜி.பி. போகிறது என்றால் அது சுமார் 27 எம்.பி.பி.எஸ். மேட்டுப்பாளையம் பஸ் என் நெட்டைவிட ஏழு மடங்கு வேகம். ஆனால் தினமும் இருபது முப்பது படங்கள் சேர்கின்றனவே, தினமும் அவனை அலையவிட முடியுமா?

முதலில் எஸ்.சி.பி.யில் (இன்னொரு கணினிக்குக் கோப்பை நகலெடுக்கும் கட்டளை) அனுப்பினேன். லைன் அறுந்தால் அது விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்துதான். இரண்டு இரவு வீணானது. அப்புறம்தான் ஆர்சிங்க்குக்கு (rsync) வந்தேன். இரண்டு இடத்தில் உள்ள ஃபோல்டர்களை ஒப்பிட்டு, வேண்டியதை மட்டும் அனுப்பும் நிரல். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மக்கெராஸும் 1996இல் வெளியிட்டது. அளவும் தேதியும் ஒத்துப்போகிற கோப்பை அது தொடுவதே இல்லை. கட்டளையில் பெரிய 'பி' (-P) சேர்த்தால் பாதியில் நின்ற கோப்பையும் வீசிவிடாமல் வைத்துக்கொள்ளும். சுருக்கி அனுப்பும் 'இசட்' (-z) எனக்குத் தேவைப்படவில்லை. ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியதுதான். கடைசியில் போடும் சாய்கோட்டை (/) மட்டும் கவனியுங்கள். மூல ஃபோல்டர் பெயருக்குப் பின் அது இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லையென்றால் ஃபோல்டரே போய் உட்காரும். இதில் நான் ஒருமுறை குழம்பி, சர்வரில் ஒரே ஆல்பம் இரண்டு இடத்தில் கிடந்தது.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்தது என் மடத்தனம். இங்கே அழித்த படம் அங்கேயும் அழியட்டும் என்று 'டெலீட்' (--delete) சேர்த்தேன். தூக்கக் கலக்கத்தில் இரண்டு பாதையையும் இடம் மாற்றி அடித்துவிட்டேன். காலியாக இருந்த சர்வர் ஃபோல்டர் மூலமாயிற்று, என் லேப்டாப் அதைப் பார்த்துக் காலியாயிற்று. 112 கல்யாணப் படங்கள். தேநீரை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, திட்டக்கூட ஆள் இல்லை. இப்போது 'டெலீட்' போடும்போதெல்லாம் முதலில் 'என்' (-n) சேர்த்து ஓட்டுகிறேன். எதை அனுப்பும், எதை அழிக்கும் என்று பட்டியல் மட்டும் காட்டும், எதையும் தொடாது.

நெகட்டிவ் கைவசம் இருந்ததால் தப்பித்தேன். அந்த 112ஐயும் மறுபடி ஸ்கேன் செய்ய நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "இந்தப் பொண்ணு அன்னைக்கு அழுதுட்டே இருந்தாப்பா, மூணு தடவை எடுத்தேன்" என்றார். முதல் முறை ஸ்கேன் செய்தபோது அதை அவர் சொல்லவே இல்லை.