ஜாப் கார்டில் எழுதிய வரி

“வண்டி பரிசோதிக்கப்பட்டது, குறை எதுவும் இல்லை.” சர்வீஸ் சென்டரில், வண்டிக்குப் பார்த்த வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில், நான் எழுதியது இவ்வளவுதான். அதில் பொய் கிடையாது.

வண்டியைக் கொண்டுவந்தவர் டிரைவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். கோயம்புத்தூர் ஹோப் காலேஜ் பக்கம் பஸ்ஸை ஒட்டி வந்த டூவீலர் ஒன்று குறுக்கே புகுந்திருக்கிறது. இவர் கால் பிரேக்குக்குப் போவதற்குள் வண்டி தானாகவே பிரேக் போட்டுவிட்டது. பின்சீட்டில் இருந்த முதலாளியின் அம்மாவுக்கு நெற்றியில் அடி.

“தம்பி, அந்தப் பையன் ஒடிச்சு வெளிய போயிருவான்னு எனக்குத் தெரியுங்க. வண்டிக்குத் தெரியலீங்க. அதை நிறுத்திக் குடுத்துருங்க.”

ஸ்கேனர் போட்டேன். கோளாறு இருந்தால் வண்டி பதிந்து வைக்கும் ஃபால்ட் கோடு எதுவும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா, பம்பருக்குள் இருக்கும் ரேடார், இரண்டும் சரியாக இருந்தன. எதிரே இருப்பது எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக நெருங்குகிறோம், இத்தனை நொடியில் மோதுமா என்பதுதான் தானியங்கி பிரேக்கின் கணக்கு. டூவீலர்காரர் தோளைச் சாய்ப்பதும் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்ப்பதும் அந்தக் கணக்கில் வராது. நம் ஊரில் வருஷக்கணக்காக ஓட்டியவர் அதை வைத்துத்தான் ஓட்டுகிறார். வண்டி செய்தது சரி என்பதால்தான் கோடு விழவில்லை. அவர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

“முடியாதுங்கண்ணா” என்றேன். ஸ்க்ரீனில் அணைக்கலாம், ஆனால் அந்த மாடலில் அடுத்த தடவை ஸ்டார்ட் பண்ணும்போது திரும்ப ஆன் ஆகிவிடும். ஒரேயடியாக எடுத்துவிட எங்களுக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்திருந்தாலும் நான் செய்திருக்க மாட்டேன். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர்; அதில் கிட்டத்தட்ட 45 சதவீதம் டூவீலரில் போனவர்கள். ஒடித்து வெளியே போய்விடுவான் என்று நினைத்த பையன் ஒரு நாள் போகாமல் இருந்தால்?

முதலாளி போனில் வந்தார். “அப்ப வண்டியில ஒண்ணும் இல்லையா?”

“இல்லைங்க சார்.”

டிரைவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. வண்டியில் இல்லையென்றால் வேறு யாரிடம் என்று முதலாளி அந்த நிமிஷமே முடிவு செய்திருப்பாரோ என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்றும் பார்த்தேன். பின்சீட்டு பக்கிளில் ஒரு கிளிப் செருகியிருந்தது. பெல்ட் போடாமலே அலாரத்தை அடக்குவதற்கு விற்பார்களே, அது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் தளங்கள் இதை விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டுத் தடுத்தது. ஆனாலும் வண்டிகளில் இருக்கத்தான் செய்கிறது. அந்த அம்மா பெல்ட் போட்டிருந்தால் நெற்றி முட்டியிருக்காது. முதலாளியிடம் அதையும் சொல்லியிருக்கலாமா? கிளிப்பை யார் வைத்தார் என்று எனக்குத் தெரியாது. டிரைவரே வைத்திருக்கலாம். அப்படியென்றால் நான் வாய் திறப்பது அவருக்கே வினையாக முடிந்திருக்கும். வாடிக்கையாளரின் சாமான் பற்றி நாங்கள் எழுதுவதும் இல்லை. இந்தக் காரணங்கள் எனக்கு அப்போதே தோன்றினவா, அப்புறம் தோன்றினவா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த சர்வீஸுக்கு வேறொரு டிரைவர் வந்தார். பழையவர் நின்றுவிட்டாராம். காரணம் இவருக்கும் தெரியவில்லை. சம்பளமாக இருக்கலாம், உடம்புக்கு முடியாமல் இருக்கலாம். அந்த ஒரு வரியால் ஒரு ஆளுக்கு வேலை போகுமா? போகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் டிரைவர் சொன்னதைப் பதிவு செய்ய ஜாப் கார்டில் இடம் உண்டு, அவர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான் என்று எழுத இடம் இல்லை.

இப்போது இந்த மாதிரிப் புகார் வந்தால், “தானியங்கி பிரேக் வேலை செய்த சம்பவம், ஓட்டியவர் விளக்கம் பொருந்துகிறது” என்று எழுதிவைக்கிறேன். மேனேஜர் அதை அடித்துவிட்டுப் பழைய வரியையே போடச் சொல்கிறார். வாரண்டிக் கோப்புக்கு அதுதான் வேண்டுமாம். அவர் சொல்வதும் நியாயம்தான். நானும் அடுத்த வண்டிக்கு மறுபடி எழுதிவைக்கிறேன்.