வண்டல் கலங்காமல் தெளிவை இறுத்தல்

வேலைக்காக அமெரிக்காவில் இருந்த ஆண்டுகளில் நான் வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அங்கே 1978இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன் வரை, அதாவது ஏறத்தாழ 380 லிட்டர் வரை, சொந்த உபயோகத்துக்கு வரியின்றிக் காய்ச்சிக்கொள்ளலாம். இங்கே தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அதற்கு இடம் தராது என்பதால், குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். ட்யூப் ஒன்று மட்டும் பெட்டியோடு வந்துவிட்டது. அதை எடுத்துப் பார்த்த பெரியப்பா, “ஏம்ப்பா, எஞ்சினுக்கு டீசல் உறிஞ்சவா இது?” என்று கேட்டார். ஏறக்குறைய அதற்குத்தான் என்றேன்.

ஒரு முறைக்கு 19 லிட்டர் காய்ச்சுவேன். இரண்டு வாரத்தில் நொதித்தல் அடங்கியதும், ஈஸ்டும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் சக்கையும், புரதமும் அடியில் படிந்துவிடும். ஆற்றோரத்தில் வளர்ந்தவனுக்கு அதை வண்டல் என்று சொல்லத்தான் வாய் வருகிறது. அதைக் கலக்காமல் மேலே நிற்கும் தெளிவை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதே பீர் வேலையில் பொறுமையை அதிகம் கேட்கும் இடம்.

ஆடியில் ஆற்றில் வரும் புதுத்தண்ணீரை என் பாட்டி தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைப்பார். அப்போது தவலையை யாரும் தொடக் கூடாது. நானும் முதல் நாளே பீர்ப் பாத்திரத்தை மேசைமேல் ஏற்றி, ஒரு பக்கம் சிறிய கட்டையை அண்டைகொடுத்துச் சாய்த்து வைத்துவிடுவேன். தூக்கும்போது எழுந்த வண்டல் இரவுக்குள் தாழ்ந்த பக்கமாக ஒதுங்கிவிடும். இரண்டு நாள் குளிரில் வைத்தால் ஈஸ்ட் இன்னும் இறுகப் படியும். ஆனால் குளிரில் உள்ளிருக்கும் காற்று சுருங்குவதால், ஏர்லாக்கில், அதாவது உள்வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் மூடியில், உள்ள தண்ணீர் பீருக்குள் இழுபட்டுவிடும் என்பதை ஒரு முறை பட்டுத்தான் அறிந்தேன்.

டீசலைப் போல வாயால் உறிஞ்சித் தொடங்கக் கூடாது. வாயில் இருக்கும் பாக்டீரியா பீரைப் புளிக்க வைத்துவிடும். கிருமி நீக்கிய தண்ணீரை ட்யூபில் நிரப்பி, ஒரு முனையை வண்டலுக்கு மேலே நிறுத்தி, மறுமுனையைத் தாழ்த்தினால் போதும். முதலில் வரும் தண்ணீரை ஒரு குவளையில் பிடித்துக் கொட்டிவிட்டுப் பிறகு பீரை விடலாம். இடையில் காற்றுப் பிடித்தால் ஓட்டம் நின்றுவிடும் என்பதைப் பம்புசெட் வைத்திருக்கும் பெரியப்பாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பீரும் ஆற்றுத் தண்ணீரும் வேறுபடுவது ஊற்றும் விதத்தில்தான். தண்ணீரை எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினாலும் குற்றமில்லை. பீரோ சலசலத்து விழுந்தால் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு, சில வாரங்களில் நனைந்த அட்டையைப் போல மணக்கும். அதனால் ட்யூபின் முனை கீழ்ப் பாத்திரத்தின் அடியைத் தொட்டு, சுவரோடு வளைந்து கிடக்க வேண்டும். புட்டியில் நுரை கட்டுவதற்கென்று 120 கிராம் அளவில் சர்க்கரையைக் காய்ச்சிக் கீழ்ப் பாத்திரத்தில் முன்பே ஊற்றி வைத்திருந்தால், சுழன்று ஏறும் பீரே அதைக் கலந்துகொள்ளும்; கரண்டி தேவையில்லை. வண்டலிலிருந்து பிரிப்பதற்காகவே நடுவில் இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றிச் சில வாரம் வைக்க வேண்டும் என்ற பழைய விதியை நான் பின்பற்றவில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் காற்று சேரத்தான் செய்கிறது.

எனக்குக் கடைசிவரை கைவராதது நிறுத்தும் நேரம். ட்யூபில் முதல் கலங்கல் தெரிந்ததுமே கையால் மடித்து அடைக்க வேண்டும். இன்னும் ஒரு புட்டி தேறுமே என்று நான் பாத்திரத்தைச் சரிக்க, அதுவரை சேர்த்த தெளிவும் மங்கிவிடும். பாட்டி நான்கு விரல் உயரத் தண்ணீரைத் தவலையிலேயே விட்டு, அதைக் கொல்லையில் வாழைக்கு ஊற்றிவிடுவார்.