அதை வெளியே சொல்ல முடியுமா?

ஆபீஸில் ஒருவரை நம் வழிக்குக் கொண்டுவர நினைப்பதே தப்பு என்பவர்களை நான் நம்புவதில்லை. லீவு கேட்பது, டெட்லைனைத் தள்ளிப்போடச் சொல்வது எல்லாமே அடுத்தவர் மனதை மாற்றும் வேலைதான். எப்படி மாற்றுகிறோம் என்பதில்தான் வம்பு.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். நாம் செய்வதை அந்த ஆளிடமே போட்டு உடைத்தால் அப்புறமும் அது பலிக்குமா? "எனக்கு ஆள் தேவை, உங்களுக்கும் இதில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்" என்று தாராளமாகச் சொல்லலாம். "பதறினால் யோசிக்காமல் சரி என்பீர்கள் என்றுதான் நாளைக்கே வேண்டும் எனப் பொய் சொன்னேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

மீட்டிங்குக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி வைப்பதைச் சிலர் அரசியல் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டத்தில் வாயே திறக்காத ஆட்கள் தனியாகக் கேட்டால்தான் தங்கள் தயக்கத்தைச் சொல்வார்கள், அதை வைத்துத் திட்டத்தைத் திருத்தவும் முடியும். ஆனால் இவரிடம் போய் "அவர் ஒத்துக்கொண்டார்", அவரிடம் போய் "இவர் ஒத்துக்கொண்டார்" என்று ஆரம்பித்தால் கதையே வேறு. இது ஏன் பலிக்கிறது என்பதற்கு உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனைகளே போதும். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சுலபமான கேள்விதான். ஆனால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டிருந்த மற்றவர்கள் ஒரே குரலில் தப்பாகச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் பதில்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அவர்களோடு சேர்ந்தே தப்பாகப் போனது. கூட ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னபோது இது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆட்களைப் பிரித்தே வைத்திருக்கும் மேனேஜர்கள் இதையெல்லாம் படித்திருக்கத் தேவையில்லை, அனுபவத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். "எல்லாரும் ஓகே" என்று யாராவது வந்தால், "சரி, எல்லாரையும் சேர்த்து ஒரு மெயில் போட்டுவிடலாமா?" என்று கேட்பேன். முகம் மாறினால் விஷயம் புரிந்துவிடும்.

கேட்காமலே உதவி செய்துவிட்டு அதைக் கடனாக எழுதி வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் அன்றைக்கே ஏதாவது பதிலுக்குச் செய்து கணக்கை முடித்துவிடுவது நல்லது.

அப்புறம், காரணம் சொல்வது. உளவியலாளர் எலன் லாங்கரும் உடன் பணியாற்றியவர்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், ஜெராக்ஸ் மெஷினுக்கு வந்தவர்களிடம் "ஐந்து பக்கம்தான், நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா" என்று வெறுமனே கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டார்கள்; "நகல் எடுக்க வேண்டியிருக்கிறது" என்ற ஒன்றுமில்லாத காரணத்தைச் சேர்த்ததற்கே 93 சதவீதம். ஆனால் 20 பக்கம் என்றதும் அந்த வெற்றுக் காரணம் எடுபடவில்லை, சொன்னாலும் சொல்லாவிட்டாலும் 24தான். அவசரம் என்ற நிஜமான காரணத்துக்கு 42. லீவு நாளில் வந்து வேலை செய் என்பது நிச்சயமாக இருபது பக்கத்து விஷயம். அதற்குப் போய் "மேலிடத்தில் கேட்கிறார்கள்" என்பதை மட்டும் காரணமாகச் சொல்பவர்களை என்ன செய்வது?