கொக்குப் பூவும் கால் பெருவிரலும்

நகக்கலைப் படிப்பின் எழுத்துத் தேர்வில் முதல் தடவை நான் கோட்டைவிட்டது தெரியாத கேள்வியில் இல்லை, நன்றாகத் தெரியும் என்று நினைத்த கேள்வியில். தாளில் ஒரு படம்: கால் பெருவிரல் நகம், மஞ்சளாகத் தடித்து, ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. இப்படி ஒரு வாடிக்கையாளர் வந்தால் என்ன செய்வீர்கள்? 'பூஞ்சைத் தொற்று' என்று எழுதினேன். அதோடு விட்டேனா, என்ன களிம்பு தடவலாம் என்றும் சேர்த்து எழுதினேன். பூஜ்யம்.

திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள் நான். அங்கே சாட்ஸ்வொர்த் என்ற பகுதியில் எங்கள் வீட்டில் எல்லோரும் தமிழர்கள்தான், ஆனால் பேச்சு இங்கிலீஷ். தமிழ் கோயிலோடு சரி. வகுப்பிலோ பாடச் சொற்களெல்லாம் லத்தீனும் கிரேக்கமும். மனப்பாடம் ஏறவே இல்லை. கடைசியில் ஊரில் பார்த்ததோடு முடிச்சுப் போட்டுத்தான் படித்தேன்.

மருதாணி முதலில் கைகொடுத்தது. தீபாவளிக்கு வைத்த சிவப்பு பொங்கலுக்குள் நகத்தில் மேலே ஏறி, அடியில் வெள்ளையாக இடைவெளி விட்டிருக்கும் இல்லையா? அதுதான் நக வளர்ச்சி. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். கால் நகம் அதில் பாதி, சில சமயம் அதற்கும் குறைவு. கை நகம் முழுசாக மாற 6 மாதம், கால் பெருவிரலுக்கு ஒரு வருஷத்துக்கு மேல். நாம் பாலிஷ் போடும் தகடு, கெரட்டின் என்ற உயிரில்லாத புரதம். உயிரெல்லாம் தோலுக்கு அடியில், நகம் முளைக்கும் இடமான மேட்ரிக்ஸில். அடிநகத்தில் தெரியும் வெள்ளைப் பிறை அதன் நுனிதான். கையில் 27 எலும்பு, பாதத்தில் 26. இதெல்லாம் ஒரு ராத்திரி வேலை.

என்னைப் படுத்தி எடுத்தது க்யூட்டிகிள். தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் செத்த தோல்தான் க்யூட்டிகிள், அதை எடுக்கலாம். அதை ஒட்டி மேலே இருக்கும் உயிருள்ள மடிப்பு எப்போனிக்கியம், அதில் கத்தி படவே கூடாது. கிருமி உள்ளே போகாமல் அடைத்து வைத்திருப்பதே அந்த மடிப்புதான். அதை வெட்டினால் நகச்சுற்றுக்கு வாசல் திறந்த மாதிரி. ஊரில் நகச்சுற்று வந்தால் எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் செருகுவோம் என்று வகுப்பில் சொல்லிவைத்தேன். வருஷம் முழுக்க எனக்கு அதுதான் பெயர்: லெமன்.

"கொக்கே கொக்கே பூப்போடு" என்று கத்திவிட்டு நகத்தைப் பார்ப்போமே, அந்த வெள்ளைப் பூவுக்குப் பெயர் லுக்கோனிக்கியா. பெரும்பாலும் மேட்ரிக்ஸில் எப்போதோ பட்ட சின்ன அடி, கொக்குக்குச் சம்பந்தமில்லை. பச்சை நகம் வேறு விஷயம். ஒட்டு நகம் லேசாகத் தூக்கிக்கொண்டு, இடுக்கில் ஈரம் தங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளரும். அதைப் பூஞ்சை என்று நினைப்பவர்கள் நிறைய. டர்பன் புழுக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஒட்டியதைக் கழற்ற வேண்டும், மேலே இன்னொரு பூச்சுப் போட்டு மூடக் கூடாது.

பாடப்புத்தகப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைக் கைகள். என் கையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜூலுப் பெண்ணின் கையும் அதில் இல்லை. கருத்த தோலில் பல நகங்களில் பழுப்புக் கோடு இருப்பது சகஜம் என்று ஆசிரியை வாயால் சொல்லித்தான் தெரிந்தது. ஆனால் ஒரே நகத்தில் புதிதாகக் கோடு வந்தால், அகலமானால், கருமை தோலுக்கும் பரவினால் உடனே டாக்டர். பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் இருப்பதை 1977-இல் கண்டுபிடித்தார்கள். 1981-இல் 36 வயதில் போய்விட்டார்.

சுத்தம் பற்றிய பாடத்தில் நான் தடுமாறவில்லை, ஆனால் பயிற்சிக்குப் போன கடையில் தலைசுற்றியது. கருவிகளைப் புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டு 'ஸ்டெரைல்', அதாவது ஒரு கிருமியும் இல்லை, என்றார்கள். அந்தப் பெட்டி சுத்தமானதை வைத்துக்கொள்ளத்தான். முதலில் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், அழுக்கு இருந்தால் மருந்து வேலை செய்யாது. அப்புறம் கிருமிநாசினியில் லேபிளில் சொன்ன நேரம் முழுக்க முழுகிக் கிடக்க வேண்டும். ஸ்டெரைல் என்றால் அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோக்ளேவ்: 121 டிகிரியில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம். நடுவில் மின்வெட்டு வந்தால் முதலிலிருந்து. ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே 7 நாள்கூட உயிரோடு இருக்கும். யாருக்கு என்ன நோய் என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது, எச்ஐவியும் அப்படித்தான். அதனால் எல்லோருடைய ரத்தத்திலும் கிருமி இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டும்.

இரண்டாம் தடவை அதே மாதிரி ஒரு படம் வந்தது. நோய்க்குப் பெயர் வைக்கவில்லை. அந்தக் காலைத் தொடமாட்டேன், பக்குவமாகச் சொல்லி டாக்டரிடம் அனுப்புவேன், வாடிக்கையாளர் அட்டையில் குறித்துவைப்பேன் என்று எழுதினேன். ஒரு விரலில் சின்ன வெட்டுக்காயம் மட்டும் என்றால் அதை மூடி, அந்த விரலை விட்டுவிட்டு மற்றதைச் செய்யலாம் என்பதையும் சேர்த்தேன். பாஸ்.

தைப்பூசக் காவடிக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டுக்காரரின் அத்தை வந்தார். கால் பெருவிரல் அப்படியே தேர்வுத்தாள் படம். "வெறுங்காலோட நடக்கணும்மா, எல்லாரும் பார்ப்பாங்க. சிவப்பு பூசி மறைச்சிடு."

"கை விரல் பத்துக்கும் பூசிவிடறேன் அத்தை. காலை மட்டும் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் போயிருக்கிறார். நகத்துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பூஞ்சை இல்லையாம், சோரியாசிஸ் என்ற தோல் நோய். இப்போது வைத்தியம் நடக்கிறது. எனக்கு அந்த நகத்தைப் பார்த்தால் இன்னமும் பூஞ்சை மாதிரியேதான் இருக்கிறது.