எங்கள் ஊர் அறுப்பின் பண்டிகை

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

விளைச்சலுக்குக் கர்த்தருக்கு நன்றி சொல்லுகிற அறுப்பின் பண்டிகை 23-ஆம் தேதி என்று இன்று கோயிலில் அறிவிப்பு வந்துவிட்டது. காலையில் பண்டிகை ஆராதனை, அது முடிந்ததும் ஏலம், மத்தியானம் அசனம், அதாவது எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற பந்தி. வீடு வீடாகப் போய் யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்று எழுதுகிற வேலை பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு. கீழத்தெருவும் ஆற்றங்கரைத் தெருவும் என் பொறுப்பு.

ஆராதனையில் எனக்கு மனசுக்கு நெருக்கமான நேரம் ஸ்தோத்திர காணிக்கை, அதாவது நன்றிக் காணிக்கை, வாசிக்கிற நேரம். நீண்டுகொண்டே போகிறது, பிரசங்கத்துக்கு நேரம் இல்லாமல் போகிறது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒவ்வொரு வரியையும் காது கொடுத்துக் கேட்பேன். கவரின் மேல் எழுதியிருப்பதை எங்கள் சபைக் குருவான ஐயர் அப்படியே வாசிப்பார். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காக. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக. மகன் பத்திரமாகக் கப்பல் ஏறியதற்காக. இன்று ஒரு கவரில் பென்சிலால், 'கிணற்றில் தண்ணீர் ஊறியதற்காக, ரூ. 20' என்று இருந்தது. வாசித்த உடனே கோயில் முழுக்க ஆமென் என்றது. அந்தக் கிணறு 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணல் மூடிக் கிடந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தூர்வாரப் பத்துப் பன்னிரண்டு பேர் போயிருந்தார்கள்; கூடை எடுத்துக் கொடுத்தவர்களும் அதே பெஞ்சுகளில்தான் இருந்தார்கள். சத்தம் அவ்வளவு பலமாக வந்ததற்குக் காரணம் அதுதான்.

கொரிந்து சபைக்கு எழுதும்போது அப்போஸ்தலன் பவுல் இதைத்தான் கேட்கிறார்: நீ ஸ்தோத்திரம் பண்ணுவது பக்கத்தில் இருக்கிறவனுக்கு விளங்காவிட்டால் அவன் எப்படி ஆமென் சொல்லுவான்? ஸ்தோத்திரம் சொல்ல ஒருவர் இருக்கும் இடத்தில், ஆமென் சொல்ல இன்னொருவரும் இருப்பார் என்றே பவுல் எண்ணியிருக்கிறார்.

பிப்ரவரி 12, புதன்

304-ஆம் வருஷம் இதே நாளில்தான் அபிதினா ஊர் விசுவாசிகள் கார்த்தேஜில் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார்கள். இன்றைய துனிசியாவில் இருந்த ஊர். வேதபுத்தகங்களை ஒப்படைக்க வேண்டும், கிறிஸ்தவர்கள் கூடவே கூடாது என்பது ரோம அரசன் தியோக்லேத்தியனின் கட்டளை. அந்த ஊர் பிஷப்பே பயந்து புத்தகங்களைக் கொடுத்துவிட்டார். சபையார் மட்டும் வீடுகளில் கூடிக்கொண்டே இருந்தார்கள். பிடிபட்டவர்கள் 49 பேர். அதில் சாத்துர்னீனுஸ் என்ற குருவும் அவருடைய நாலு பிள்ளைகளும் இருந்தார்கள்; கடைசிப் பையன் இலாரியானுஸ் சின்னஞ்சிறியவன். ஏன் உன் வீட்டில் கூட்டம் கூட விட்டாய் என்று எமெரித்துஸ் என்பவரிடம் அதிகாரி கேட்டான். அவர்கள் என் சகோதரர்கள், தடுக்க என்னால் முடியாது, ஞாயிறு ஆராதனை இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்று அவர் சொன்னார்.

இந்தச் சரித்திரத்தை இன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் சொன்னேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர்கள், "அந்தச் சின்னப் பயலையுமா பிடிச்சிட்டுப் போனானுவ?" என்றார்கள். ஆமா என்றேன். அப்புறம் வெகுநேரம் அந்தப் பையனைப் பற்றியே பேச்சு.

எனக்கு ஒரு காரியம் விடவே இல்லை. அவர்கள் நினைத்திருந்தால் அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது, உயிரும் தப்பியிருக்கும். தனியாக ஜெபிக்கிறது போதும் என்று ஒருநாளாவது நினைத்திருந்தால் 49 பேரும் பிழைத்திருப்பார்கள். போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிப்ரவரி 15, சனி

நாள் முழுக்கத் தெருச் சுற்றல். நோட்டில் எழுதியதில் கொஞ்சம்: ஏத்தன் தார், கோழிக்கூடு தார், நெல் ஒரு மூட்டை, ஆத்தூர் வெற்றிலைக் கட்டு, கருப்பட்டி ஒரு சிப்பம், தென்னம்பிள்ளை இரண்டு, சேவல், பனங்கிழங்கு, வீட்டில் தைத்த தலையணை உறை. நாலாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன் வாசல் வரைக்கும் ஓடிவந்து, "டீச்சர், என் கோழி இடுத முட்டையையும் எழுதிக்கிடுங்க" என்றான். ஒரு முட்டை என்று எழுதிக்கொண்டேன்.

ஆற்றங்கரைத் தெருவில் ஒரு அக்கா. வெள்ளத்தில் வீட்டின் பின்சுவரும் நாலு ஆடும் போனது அவர்களுக்கு. அதிலிருந்து கோயிலுக்கு வருவது குறைந்து, இப்போது அடியோடு நின்றுவிட்டது. முருங்கைக்காய் ஒரு கட்டு எழுதச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்கக்கா என்றேன். "நான் வீட்டுலயே ஸ்தோத்திரம் பண்ணிக்கிடுதேன் டீச்சர். கர்த்தருக்குக் கேக்காமலா போவும்?" என்றார்கள்.

கேட்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆடு போன வீட்டிலிருந்து வருகிற ஸ்தோத்திரம் முதலாவது கேட்கும். அவர்களிடம் வாதாட எனக்கு வாய் வரவில்லை, காப்பி குடித்துவிட்டு வந்தேன். ஆனாலும் இங்கே எழுதி வைக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை எது, வயல் எது என்று தெரியாமல் ஓடியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக் கஷ்டத்தோடு அவர்களுக்கும் சமைத்துப் போட்டார்கள். எங்கள் ஊரில் மாடி இருந்த வீடுகளில் எல்லாம் ஆட்கள். போன் இல்லை, கரண்ட் இல்லை. மேலத்தெரு மாடியில் ஒரு கூட்டமாக நின்று ஆற்றங்கரைத் தெருவுக்காக ஜெபித்தோம். அந்த அக்காவின் பெயரையும் சொல்லித்தான் ஜெபித்தோம். அவர்கள் அதற்குள் பள்ளிக்கூட மாடியில் ஏறியிருந்தது எங்களுக்கு இரண்டாம் நாள்தான் தெரியும்.

அநேகர் ஜெபத்தினால் கிடைத்த தயவுக்கு அநேகரால் ஸ்தோத்திரம் செலுத்தப்பட வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அந்த அக்கா பிழைத்தது அவர்களுக்கு மட்டும் கிடைத்த உபகாரம் இல்லை. கேட்டவர்கள் நாங்கள். எங்களுக்கும் பதில் வந்தது. அவர்கள் வீட்டுக்குள்ளேயே நன்றி சொல்லிக்கொண்டால், எங்கள் பங்கை நாங்கள் எங்கே போய்ச் செலுத்துவது? இதை அவர்களிடம் சொல்லுகிற விதமாக எப்படிச் சொல்வதென்று கர்த்தர்தான் எனக்குக் காட்ட வேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஐயர் வீட்டுக்கு வந்து அத்தைக்குத் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) கொடுத்தார். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அத்தைக்குக் கோயில் போனில்தான். சின்னவன் செல்லைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுப் போவான். அத்தை முக்காடு போட்டுக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு, விசுவாசப் பிரமாணத்துக்கு விசுவாசப் பிரமாணம் எல்லாம் சொல்லுவார்கள். படுக்கையில் இருக்கிறவர்களுக்கு அந்தப் போன் பெரிய கிருபை, நான் மறுக்கவே மாட்டேன். நடக்கத் தெம்பு இருக்கிறவர்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆராதனை பார்ப்பதுதான் எனக்கு ஆகவே ஆகாது.

இன்று அத்தை ஐயரிடமே கேட்டுவிட்டார்கள். "பாட்டு கேக்குது ஐயா, பிரசங்கம் கேக்குது. சமாதானம் சொல்லிக் கை குடுக்க ஆளு இல்லையே. பண்டியலுக்கு என்னையத் தூக்கிட்டாவது போவச் சொல்லுங்க." ஐயர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். போகலாம் என்று முடிவாகிவிட்டது.

வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தையும் ரசத்தையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று ஆதிச்சபையின் யுஸ்தீனு மார்ட்டிர் கி.பி. 150-களில் எழுதியிருக்கிறார். ஞாயிறு அன்று பட்டணத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவது, வாசிப்பு, ஜெபம், நடத்துகிறவர் ஸ்தோத்திரம் சொல்ல ஜனங்கள் ஆமென் சொல்வது, விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் காணிக்கை சேர்ப்பது என எல்லாம் அதில் இருக்கிறது. அப்போதும் வரமுடியாத ஒரு பாட்டி யாராவது இருந்திருப்பார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

பாட்டுப் பயிற்சி. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பண்டிகை எப்படி வந்தது என்று சொல்லிக் கொடுத்தேன். இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் மார்வென்ஸ்டோ என்ற ஊரின் குரு ஹாக்கர், 1843-இல் அறுவடைக்கு நன்றி சொல்லச் சபையாரைக் கோயிலுக்கு அழைத்தார். இன்றைய வடிவம் அதிலிருந்து பரவியது. அசனம் எங்கிருந்து வந்தது டீச்சர் என்று ஒரு பிள்ளை கேட்டது. அது நம்ம ஊரு என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

பிப்ரவரி 22, சனி

கோயில் வாசலில் வாழையும் கரும்பும் கட்டியாயிற்று. தூண்களில் குருத்தோலைத் தோரணம், பீடத்துக்கு இரண்டு பக்கமும் நெற்கதிர்க் கட்டு. பெண்கள் கைப்பிடி அரிசிப் பானைகளைக் கொண்டுவந்து கொட்டினோம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துப் போடுகிற பானை அது. அத்தைக்கு இப்போது அடுப்படிக்குப் போக முடியாது, ஆனாலும் நான் அரிசி களைய எடுத்தால் கட்டிலிலிருந்து சத்தம் வரும்: "போட்டியா பிள்ள?"

சாயங்காலம் ஆக்குப்புரையில் ஐயர் ஜெபம் பண்ணி அடுப்புப் பற்றவைத்தார். ஆட்டுக்கறி நறுக்குவது, தேங்காய் துருவுவது, அண்டா தேய்ப்பது எல்லாம் ஆண்கள்தான். வீட்டில் ஒரு டம்ளர் கழுவாதவர் இங்கே முழங்கை வரைக்கும் சாம்பலோடு நின்றார். கறியோடு போட வாழைக்காயும் கத்தரிக்காயும் மலைபோல் கிடந்தன.

வேதத்தில் பலிகளின் சட்டங்களைச் சொல்லுகிற லேவியராகமம் 7-ஆம் அதிகாரம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். மற்ற சமாதானபலிகளின் இறைச்சியை மறுநாளும் சாப்பிடலாம். ஸ்தோத்திரபலியை மட்டும் அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், விடியும்வரை ஒன்றும் மிச்சம் வைக்கக்கூடாது. அதோடு அப்பங்களும் அதிரசங்களும் அடைகளும் வேறு. ஆசாரியனின் பங்கு போக ஒரு ஆட்டை ஒரு குடும்பம் எப்படி ஒரே நாளில் தின்று தீர்க்கும்? பக்கத்து வீட்டாரைக் கூப்பிட வேண்டும், தெருவைக் கூப்பிட வேண்டும். வந்தவர்கள் எதற்கு விருந்து என்று கேட்பார்கள், கர்த்தர் செய்ததைச் சொல்ல வேண்டியதுவரும். தனியாக நன்றி சொல்ல முடியாதபடி கர்த்தர் அந்தச் சட்டத்தையே அமைத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. உபாகமம் 26-இல் முதற்பலன் கூடை கொண்டுவருகிறவனுக்கும் இப்படித்தான்: நீயும் லேவியனும் (ஆலய ஊழியன்) உன்னிடத்தில் இருக்கிற பரதேசியும் (அந்நியன்) சேர்ந்து சந்தோஷப்படுங்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அத்தையைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஆட்டோ வரைக்கும், அப்புறம் ஆட்டோவிலிருந்து கோயில் படி ஏறும் வரைக்கும் நாலு பேர் தூக்கினார்கள். உள்ளே போனதும் அத்தை ஐயரைப் பார்க்கவில்லை, பீடத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். சமாதானம் சொல்லும் நேரத்தில் அந்த நாற்காலியைச் சுற்றி அவ்வளவு கூட்டம். ஐயர் கொஞ்சம் காத்திருந்தார்.

ஏலத்தில் எளியவர்கள் கொண்டுவந்ததை முதலில் எடுக்க வேண்டும் என்று கமிட்டியில் நான் சொல்லியிருந்தேன், கேட்டார்கள். பெரிய தார்களைப் பிறகு எடுத்தால் ஆட்கள் நிற்பார்கள்; முட்டையையும் முருங்கைக்காயையும் கடைசியில் எடுத்தால் கேட்க ஆள் இருக்காது. பையனின் முட்டை பத்து ரூபாயில் தொடங்கியது. ஐம்பது, நூறு, முந்நூறு. எடுத்தவர் வாங்கிய கையோடு கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார், மறுபடியும் ஏலம். இரண்டாம் தடவை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஐந்நூறுக்கு எடுத்தார். அவர் அம்மன் கோயில் வரிக்காரர். வெள்ளத்தின்போது கடையைத் திறந்துவிட்டு எங்கள் எல்லாருக்கும் அரிசி கொடுத்தவர். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்னும்போது அந்தப் பையன் மேசைமேலேயே ஏறிவிட்டான்.

அசனத்துக்கு ஓலைப்பாயில் சோற்றைக் கொட்டி ஆவி போகக் கிளறினார்கள். பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று பார்ப்பதில்லை, வந்த வரிசையில் உட்கார வேண்டியதுதான். இது சும்மா வந்துவிடவில்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முழுவதுமாக ஒழிய வேண்டும் என்று எழுதினார். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க மனமில்லாமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அநேகர் சபையை விட்டே போனார்கள். அந்த நோய் சபையை விட்டு முழுவதும் போய்விட்டது என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. கல்யாணப் பேச்சு எடுத்தால் தெரியும். சேர்ந்து உட்காராத சபை சேர்ந்து பாடும் ஸ்தோத்திரத்தைக் கர்த்தர் எப்படி ஏற்றுக்கொள்வார்? ஒரே பந்தியில் என் பிள்ளைகள் சாப்பிடுகிறதைப் பார்க்கும்போது, அதற்காக மல்லுக்கட்டினவர்களுக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேன்.

ஆற்றங்கரைத் தெரு அக்கா வந்தார்கள். ஆராதனைக்கு உள்ளே வரவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். அசனத்தில் சாப்பிட்டுவிட்டு, தூக்குச்சட்டியில் அம்மாவுக்குக் கறிச்சோறு வாங்கிக்கொண்டு போனார்கள். முருங்கைக்காய் நூற்றிருபதுக்குப் போனதைச் சொன்னேன். "அவ்வளவுக்கா?" என்றார்கள்.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் அண்டா கழுவல், பந்தல் பிரிப்பு. சோறு ஒரு பருக்கை மிச்சமில்லை. கடைசிக் குழம்பை ராத்திரியே பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்களுக்குக் கொடுத்தாயிற்று. ஏலக் கணக்கைக் கமிட்டி சரிபார்த்துவிட்டது, ஞாயிறு அன்று வாசிப்பார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஆற்றங்கரைத் தெருவில் இன்னும் கட்டி முடிக்காத சுவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் சங்கத்தின் பேரில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாலு பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், இன்னும் கேட்பேன்.

மார்ச் 5 சாம்பல் புதன், லெந்து என்கிற தவக்கால நாட்கள் தொடங்குகின்றன. அத்தைக்கு நேற்றிலிருந்து உடம்பு வலிதான், ஆனால் அதைப் பேசவே விடவில்லை. வருகிற ஞாயிறுக்கும் ஆட்டோ சொல்லச் சொன்னார்கள். சொல்லியாயிற்று, ஏழரைக்கு வரும்.